ஜிபிடி கம்பேர்: காலியிடமே இல்லாத வரைபடம்

ஒரு நாட்டு மக்கள் எந்த நோய்களால் இறக்கிறார்கள், எந்த நோய்களோடு நலிந்து வாழ்கிறார்கள், அந்த இழப்பில் எவ்வளவைத் தடுத்திருக்க முடியும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஒரே திரையில் விடை தேட இன்று கிடைக்கும் இலவசச் சேவைகளில் நான் அதிகம் நாடுவது ஜிபிடி கம்பேர் (GBD Compare). அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2007-ஆம் ஆண்டு கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியோடு தொடங்கப்பட்ட சுகாதார அளவீடு மற்றும் மதிப்பாய்வு நிறுவனம், சுருக்கமாக ஐஎச்எம்இ, இதை நடத்துகிறது. உலக நோய்ச்சுமை ஆய்வின் (அதன் ஆங்கிலச் சுருக்கமே ஜிபிடி) முடிவுகளைப் படங்களாக்கிக் காட்டும் இந்த இணையக் கருவி 2013 முதல் அனைவருக்கும் திறந்திருக்கிறது. நான் இங்கே மதிப்பிடுவது 1990 முதல் 2021 வரையிலான ஆண்டுகளை உள்ளடக்கிய பதிப்பை. அதில் 204 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும், 371 நோய்களும் காயங்களும், 88 ஆபத்துக் காரணிகளும் இடம்பெற்றுள்ளன.

பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு இறப்புப் புள்ளிவிவரங்களைச் சொல்லித்தருவதற்காக இக்கருவியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒவ்வொரு முறையும் இதன் உழைப்பைக் கண்டு வியக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தயங்கியும் நிற்கிறேன். எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும், எந்த நோயைக் கேட்டாலும், எந்த வயதைக் குறித்தாலும் இக்கருவி ஒரு விடையைத் தந்துவிடுகிறது. தன் குடிமக்களின் இறப்புகளை நூறாண்டுகளாக மருத்துவச் சான்றோடு பதிவுசெய்யும் நாட்டுக்கும், பெரும்பாலான இறப்புகள் எந்த ஏட்டிலும் ஏறாத நாட்டுக்கும் ஒரே நேர்த்தியில், ஒரே வண்ணத்தில், ஒரே அளவு தசமப் புள்ளிகளோடு படம் வருகிறது.

முதலில் திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுழைந்தவுடன் தெரிவது கட்டங்களாகப் பிரிந்த ஒரு செவ்வகம். ஒவ்வொரு கட்டமும் ஒரு நோய். கட்டத்தின் பரப்பு அந்த நோயின் சுமை. தொற்றா நோய்கள் நீலம், தொற்றுநோய்களும் பேறுகால, பச்சிளம் குழந்தை, ஊட்டச்சத்துக் குறைபாட்டுச் சிக்கல்களும் சிவப்பு, காயங்கள் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் காட்டினாலும் ‘இந்த நாட்டில் நீலம்தான் அதிகம்’ என்று சொல்லிவிடுவார். ஆண்டுப் பட்டையை 1990-இலிருந்து 2021-க்கு நகர்த்தும்போது பல நாடுகளில் சிவப்புப் பகுதி சுருங்கி நீலம் விரிவதைக் காணலாம். நோய்களின் இடப்பெயர்ச்சி என்று வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவதை இந்த ஒரு நகர்வு ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுகிறது. கட்டங்களின் நிற அடர்த்தி அந்த நோய் கூடிவருகிறதா குறைந்துவருகிறதா என்பதைக் குறிக்கிறது. உலக வரைபடம், தரவரிசை மாற்றத்தைக் காட்டும் அம்புக்குறிப் படம், காலக்கோடு என வேறு வடிவங்களும் உண்டு. அவற்றுள் அம்புக்குறிப் படம் கண்ணைக் கவர்ந்தாலும் பெரிதாக உதவுவதில்லை. ஏழாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு ஒரு நோய் ஏறியது என்றால், அது கூடியதா, அல்லது அதற்கு மேலிருந்த மூன்றும் குறைந்தனவா என்பது அந்த அம்பில் தெரியாது.

புதிதாக வருபவர் முதலில் தடுமாறுவது அலகைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். மொத்த எண்ணிக்கை, லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதம், எல்லா இடங்களிலும் எல்லா ஆண்டுகளிலும் மக்களின் வயதுப் பரவல் ஒன்றே என்று கொண்டு கணக்கிடும் வயது சீராக்கிய விகிதம் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கதைகளைச் சொல்லக்கூடியவை. இதய, ரத்தநாள நோய்களால் உலகில் இறந்தவர்கள் 1990-இல் சுமார் 1.21 கோடிப் பேர். 2019-இல் சுமார் 1.86 கோடிப் பேர் என்று இதே ஆய்வின் முந்தைய பதிப்பு மதிப்பிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மருத்துவம் தோற்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் அதே காலத்தில் வயது சீராக்கிய விகிதம் குறைந்துள்ளது. மக்கள்தொகை பெருகியதாலும் மக்கள் முதுமை வரை வாழ்வதாலும் எண்ணிக்கை கூடியது. குறிப்பிட்ட ஒரு வயதில் இருப்பவர் இந்நோயால் இறக்கும் வாய்ப்போ குறைந்தது. மருத்துவமனைக்கு எத்தனை படுக்கைகள் வேண்டும் என்று திட்டமிடுபவருக்கு எண்ணிக்கை தேவை. தடுப்புப் பணி பலன் தருகிறதா என்று அறிய விரும்புபவருக்குச் சீராக்கிய விகிதம் தேவை. எந்தக் கேள்விக்கு எந்த அலகு பொருந்தும் என்பதை அந்தப் பொத்தானுக்கு அருகிலேயே இரண்டு வரியில் எழுதிவைத்தால் எத்தனையோ தவறான கட்டுரைகள் பிறக்காமல் போகும்.

இக்கருவியின் அடிப்படை நாணயம் ‘டாலி’ எனப்படும் அளவு. இயலாமையைக் கணக்கில் கொண்டு திருத்திய வாழ்வாண்டு என்று இதனை விரித்துச் சொல்லலாம். ஒரு டாலி என்பது நலத்தோடு வாழ்ந்திருக்க வேண்டிய ஓர் ஆண்டின் இழப்பு. இதற்கு இரண்டு பகுதிகள். ஒருவர் 50 வயதில் இறந்து, அந்த வயதில் அவருக்கு இன்னும் 38 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும் என்று நிலையான ஆயுள் அட்டவணை சொன்னால், அந்த 38 ஆண்டுகளும் முன்கூட்டிய இறப்பால் இழந்தவை. இன்னொருவர் உயிரோடு இருந்தும் ஏதோவொரு நோயால் நலம் குன்றி வாழ்ந்தால், அந்த நோய் நிலைக்கு 0 முதல் 1 வரையில் தரப்பட்டுள்ள எடையை அவர் அப்படி வாழ்ந்த காலத்தோடு பெருக்கினால் இரண்டாம் பகுதி கிடைக்கும். 0.2 எடையுள்ள நோயோடு ஐந்தாண்டு வாழ்வது ஓராண்டு இழப்புக்குச் சமம். இரண்டையும் கூட்டினால் டாலி.

கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் ஆகிய சுகாதார ஆய்வாளர்கள் இருவரும் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த அளவு, உலக வங்கியின் 1993-ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கையின் வழியாக உலகுக்கு அறிமுகமானது. அன்றைய ஆய்வில் 107 நோய்களும் காயங்களும், 10 ஆபத்துக் காரணிகளும், 8 வட்டாரங்களும் மட்டுமே இருந்தன. ஆனாலும் அது செய்த ஒரு காரியத்தை நன்றியோடு நினைவுகூர வேண்டும். இறப்புகளை மட்டும் எண்ணிய காலத்தில் மனநோய்கள் எந்தப் பட்டியலிலும் மேலே வந்ததில்லை, ஏனெனில் மனச்சோர்வு இறப்புச் சான்றிதழில் காரணமாக எழுதப்படுவது அரிது. வாழ்வாண்டுகளைக் கணக்கிட்டபோது, 1990-இல் உலகின் நோய்ச்சுமையில் மனச்சோர்வு நான்காம் இடத்தில் நின்றது. இன்று இக்கருவியில் ‘இயலாமையோடு வாழ்ந்த ஆண்டுகள்’ என்ற அளவை மட்டும் தேர்ந்தெடுத்தால் உலக அளவில் முதலிடம் பிடிப்பது கீழ்முதுகு வலி. யாரையும் கொல்லாத, எந்தத் தொலைக்காட்சியிலும் பேசப்படாத ஒரு துன்பம் அது. அதைப் பட்டியலின் உச்சியில் பார்க்கும்போது, எண்ணப்படாத வலிக்கும் ஒரு மதிப்பு கிடைத்தது என்று எனக்கு ஓர் ஆறுதல் ஏற்படுகிறது.

ஆனால் அந்த எடைகளை யார் வைத்தார்கள் என்று கேட்காமல் அந்த ஆறுதலை முழுமையாக ஏற்க முடியாது. தொடக்கத்தில் மருத்துவத் துறையினரின் சிறு குழுக்கள் எடைகளை முடிவுசெய்தன. 2010-ஆம் ஆண்டுக்கான ஆய்வில் அந்த முறை கைவிடப்பட்டு, வங்கதேசம், இந்தோனேசியா, பெரு, தான்சானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் மக்களிடமும் இணையத்தின் வழியாகப் பலரிடமும், 220 நோய் நிலைகளை இரண்டிரண்டாக எடுத்து, ‘இந்த இருவரில் யார் அதிக நலத்தோடு இருக்கிறார்?’ என்று கேட்டார்கள். முன்னேற்றம்தான். ஆனால் அதன் விளைவாக முழுப் பார்வையிழப்பின் எடை ஏறத்தாழ 0.6-இலிருந்து 0.195-க்கு இறங்கியது. பார்வையற்றோரின் வாழ்வு ஒரே இரவில் மும்மடங்கு எளிதாகிவிடவில்லை. கேள்வி மாறியது, விடையும் மாறியது. இழப்பு என்பது உடல்நலத்தின் இழப்பு மட்டுமே, வாழ்வின் மொத்த இன்னல் அன்று என்பது ஆய்வாளர்களின் நிலைப்பாடு. எனவே சக்கர நாற்காலி ஓடுவதற்குச் சாய்தளம் இல்லாத ஊரில் வாழ்பவருக்கும், எல்லாக் கட்டடங்களிலும் மின்தூக்கி உள்ள ஊரில் வாழ்பவருக்கும் ஒரே எடைதான். நாடுகளை ஒப்பிட அது வசதி. ஒரு நாடு தன் மக்களின் துன்பத்தைத் தானே புரிந்துகொள்ள அது போதாது என்பது என் கருத்து.

2010 ஆய்வு செய்த இன்னொரு மாற்றத்தை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். முதல் ஆய்வுகளில் இளம் வயதினரின் ஓர் ஆண்டுக்குக் குழந்தையின் ஆண்டையும் முதியவரின் ஆண்டையும் விட அதிக மதிப்பு தரப்பட்டது. எதிர்கால ஆண்டுகள் வட்டிக் கணக்கைப் போல ஆண்டுக்கு 3 விழுக்காடு வீதம் கழிக்கப்பட்டன. ஆணுக்கு 80, பெண்ணுக்கு 82.5 என்று இரு வேறு ஆயுள் எல்லைகள் இருந்தன. இம்மூன்றும் 2010 ஆய்வில் நீக்கப்பட்டு, இரு பாலருக்கும் பிறப்பில் 86 ஆண்டுகள் என்ற ஒரே எல்லை வைக்கப்பட்டது. எழுபது வயதுப் பாட்டியின் ஓர் ஆண்டும் முப்பது வயது மகனின் ஓர் ஆண்டும் ஓர் ஆண்டுதான் என்பதைச் சொல்ல ஓர் அளவீட்டு முறைக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

இனி ஆபத்துக் காரணிகளின் பக்கத்துக்கு வருகிறேன். சேவையின் மிகப் பயனுள்ள பகுதியும் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் பகுதியும் இதுவே. நடத்தை சார்ந்தவை, சுற்றுச்சூழலும் பணியிடமும் சார்ந்தவை, உடலின் வளர்சிதை மாற்றம் சார்ந்தவை என மூன்று பெரும் பிரிவுகள் உள்ளன. 2021 பதிப்பின்படி உலக அளவில் முதலிடம் காற்றிலுள்ள நுண்துகள் மாசுக்கு. மொத்த டாலிகளில் 8.0 விழுக்காடு. அடுத்து உயர் ரத்த அழுத்தம் 7.8, புகைபிடித்தல் 5.7, குறைந்த எடையோடும் குறைமாதத்திலும் பிறத்தல் 5.6, ரத்தத்தில் உயர் சர்க்கரை 5.4. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு காரணியைச் சொடுக்கினால், ஒவ்வொரு நோய்க் கட்டத்திலும் அக்காரணியால் விளைந்த பங்கு மட்டும் அடர்நிறத்தில் தெரிகிறது. நிதி ஒதுக்கும் அதிகாரி ஒருவர் முன் இதைவிடத் தெளிவாக ஒரு வாதத்தை வைக்க முடியுமா என்று தெரியவில்லை.

அந்தப் பங்கு எப்படி வருகிறது என்பது தெரிந்தால்தான் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியும். ஒரு நாட்டில் 30 விழுக்காட்டினர் புகைபிடிக்கிறார்கள் என்றும், ஒரு குறிப்பிட்ட புற்றுநோய் அவர்களுக்கு மற்றவர்களைவிட 10 மடங்கு அதிகம் வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 10-இலிருந்து 1-ஐக் கழித்த 9-ஆல் 0.3-ஐப் பெருக்கினால் 2.7, அதை அதனோடு 1 கூட்டிய 3.7-ஆல் வகுத்தால் 0.73. அதாவது அந்நாட்டில் அப்புற்றுநோயின் 73 விழுக்காடு புகையால் வந்தது. புகைப்போர் 10 விழுக்காடாகக் குறைந்தால் இந்தப் பங்கு 47 விழுக்காடாகும். மடங்கு மாறவில்லை, புகையின் கொடுமை மாறவில்லை. பரவல் மட்டுமே மாறியது. எனவே இரண்டு நாடுகளின் பங்குகள் வேறுபட்டால் அது பெரும்பாலும் பழக்கத்தின் பரவலைச் சொல்கிறது. பரவலை அளக்கும் கணக்கெடுப்பு ஒரு நாட்டில் நடக்கவே இல்லையென்றால், இந்தக் கணக்கின் முதல் எண்ணே ஊகம்தான்.

அடுத்தது, ‘உயர்’ என்ற சொல்லின் பொருள். மருத்துவர் 140-ஐத் தாண்டிய மேல் அளவை உயர் ரத்த அழுத்தம் என்று சொல்லும் வழக்கம் பரவலானது. இந்த ஆய்வோ, எந்த அளவில் இருந்தால் தீங்கு மிகக் குறைவோ அந்தக் குறைந்தபட்ச அளவைத்தான் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்கிறது. 2019 பதிப்பில் அது 110 முதல் 115 வரை. ஆகவே 125 அளவுள்ள, எந்த மருத்துவமும் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரும் இந்தக் கணக்கில் ஒரு சிறு பங்கு சேர்க்கிறார். அந்தப் பதிப்பு 2019-இல் உலகெங்கும் 1.08 கோடி இறப்புகளை உயர் ரத்த அழுத்தத்தோடு இணைத்தது. அவர்கள் அனைவரும் மாத்திரை கிடைக்காமல் இறந்த நோயாளிகள் என்று செய்தி எழுதினால் அது தவறு. ஆய்வாளர்கள் செய்ததில் பிழையில்லை. தீங்கு 140-இல் திடீரெனத் தொடங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கருவியின் திரையில் இந்த எல்லை எங்கும் கண்ணில் படுவதில்லை. பிற்சேர்க்கை ஆவணங்களில் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. இதை ஒரு முதன்மைக் குறையாகவே நான் கருதுகிறேன்.

காரணிகளைக் கூட்டுவது இன்னொரு பிழை. ஒரு நோயில் 50 விழுக்காடு ஒரு காரணியாலும் 40 விழுக்காடு மற்றொன்றாலும் வந்தது என்றால், இரண்டும் தனித்தனியாக இயங்கும்போது சேர்ந்த பங்கு 90 அன்று, 70தான். ஏனெனில் ஒரே நோயாளியிடம் இரண்டும் சேர்ந்து இயங்கியிருக்கலாம். உப்பு மிகுந்த உணவு ரத்த அழுத்தத்தின் வழியாகவே இதயத்தைப் பெரிதும் தாக்குகிறது. இரண்டையும் தனித்தனியே எழுதிக் கூட்டினால் ஒரே இறப்பை இருமுறை எண்ணியதாகிவிடும். கருவி குழுவாக்கிக் காட்டும் தொகைகளில் இந்த மேற்பொருந்தல் சரிசெய்யப்பட்டிருக்கிறது. கைக்கணக்கில் கூட்டுபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

தடுத்திருக்கக்கூடியது, இனித் தடுக்கக்கூடியது ஆகிய இரண்டும் வேறு. இக்கருவி காட்டுவது முதலாவதை: மக்கள் இதுவரை குறைந்தபட்ச அளவில் மட்டுமே வாழ்ந்திருந்தால் இன்றைய சுமையில் எவ்வளவு இருந்திருக்காது என்பதை. இன்று ஒரு நாடு முழுவதும் புகையிலையை விட்டாலும் நேற்று வரை புகைத்தவர்களின் நுரையீரல் அடுத்த பல ஆண்டுகளுக்கு அதன் விலையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஆபத்துக் காரணிகளைப் பற்றி 2002-இல் வெளியிட்ட ஆண்டறிக்கை இந்த இரண்டையும் பிரித்தே பேசியது. அந்தப் பிரிவு இக்கருவியில் மங்கிப்போயிருப்பதால், ‘இந்தத் திட்டத்தால் இத்தனை உயிர்கள் காக்கப்படும்’ என்று நேரடியாக எடுத்தாளும் அறிக்கைகளை அடிக்கடி பார்க்க முடிகிறது.

பட்டியலில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். 88 காரணிகளில் வறுமை இல்லை. கல்வியின்மையும் நெருக்கடியான குடியிருப்பும் இல்லை. வாழ்க்கைத் துணையின் வன்முறை, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை ஆகியவை சேர்க்கப்பட்டிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் புகையும் உப்பும் சர்க்கரையும் பெரிய எழுத்தில் தெரிய, அவற்றை ஏழையின் மேல் சுமத்தும் நிலைமைகள் திரையிலேயே வராததால், நோய்க்குப் பொறுப்பு தனிமனிதரின் நாக்கிலும் கையிலும் மட்டுமே இருப்பதாக ஒரு தோற்றம் எழுகிறது. அளவிட எளிதானவை பட்டியலில் ஏறின. அளவிட அரியவை வெளியே நின்றன.

எண்களின் உறுதி பற்றி ஒரு நிகழ்வைக் குறிப்பிட்டாக வேண்டும். 2017 பதிப்பில், பதப்படுத்தாத சிவப்பு இறைச்சியை நாளொன்றுக்குச் சுமார் 18 முதல் 27 கிராம் வரை உண்பது தீங்கற்றது என்று கொள்ளப்பட்டது. 2019 பதிப்பில் அந்த எல்லை பூச்சியமாக்கப்பட்டது. அதன் விளைவாக அவ்வகை இறைச்சியோடு இணைக்கப்பட்ட உலக இறப்புகள் ஏறத்தாழ 8.96 லட்சமாக, முந்தைய பதிப்பைப்போல 36 மடங்காக உயர்ந்தன. 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் சிலர் இதற்கு விளக்கம் கேட்டு எழுதினார்கள். இறைச்சி உண்போரின் எண்ணிக்கை அந்த இரண்டாண்டுகளில் 36 மடங்காகவில்லை. ஒப்பீட்டுக் கோடு நகர்ந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு புதிய பதிப்பும் 1990 முதலான எல்லா ஆண்டுகளையும் புதிய முறையில் மீண்டும் கணக்கிடுகிறது. ஆகவே ஒரு பதிப்பிலிருந்து ஓர் ஆண்டின் எண்ணையும் வேறொரு பதிப்பிலிருந்து வேறோர் ஆண்டின் எண்ணையும் எடுத்து ஒப்பிடவே கூடாது. காலப் போக்கு வேண்டுமென்றால் ஒரே பதிப்புக்குள் தேட வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன தயக்கத்துக்கு இப்போது திரும்புகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் பத்து இறப்புகளில் நான்கு பதிவே செய்யப்படுவதில்லை. பதிவானவற்றிலும் காரணம் என்ற இடத்தில் ‘இதயத் துடிப்பு நின்றது’, ‘இதயச் செயலிழப்பு’, ‘முதுமை’ என்று எழுதப்பட்ட சான்றிதழ்கள் ஏராளம். இதயம் நின்றது என்பது இறப்பின் விளைவு. ஏன் நின்றது என்பதே காரணம். இத்தகைய குறிப்புகளை ஆய்வாளர்கள் ‘குப்பைக் குறியீடுகள்’ என்று அழைக்கிறார்கள். அவற்றைக் கணித முறையில் உண்மையான காரணங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறார்கள். சான்றிதழே இல்லாத இடங்களில், இறந்தவரின் குடும்பத்தாரிடம் காய்ச்சல் இருந்ததா, மூச்சு வாங்கியதா, எத்தனை நாள் படுத்திருந்தார் என்று கேட்டுக் காரணத்தை ஊகிக்கும் வாய்மொழி ஆய்வு கைகொடுக்கிறது. அதுவும் இல்லையென்றால் அண்டை நாடுகளின் தரவும், வருமானம், கல்வி, மகப்பேறு விகிதம் போன்ற குறியீடுகளும் ஒரு கணித மாதிரிக்குள் சென்று எண்ணாக வெளிவருகின்றன.

இதில் மறைந்திருக்கும் ஒரு சுழலைக் கவனிக்க வேண்டும். வருமானம், கல்வி, இளம் வயது மகப்பேறு ஆகிய மூன்றையும் இணைத்து ஐஎச்எம்இ ஒரு சமூக வளர்ச்சிக் குறியீட்டை வைத்திருக்கிறது. தரவு இல்லாத நாடுகளில் பல நோய்களின் அளவைக் கணிக்க அந்தக் குறியீடு பயன்படுகிறது. பிறகு ஒருவர் அந்த எண்களை எடுத்து, சமூக வளர்ச்சி கூடக் கூட இந்த நோய் குறைகிறது என்று ஒரு கட்டுரை எழுதினால், அவர் கண்டுபிடித்தது நாட்டின் உண்மையையா, மாதிரியில் முன்பே எழுதப்பட்டிருந்த அனுமானத்தையா? தரவு நிறைந்த நாடுகளுக்கு இந்தக் கேள்வி சிறிது. தரவற்ற நாடுகளுக்கு இதுவே எல்லாக் கேள்விகளிலும் பெரியது. அந்த நாட்டின் அமைச்சர் திரையில் பார்ப்பது பெருமளவுக்குத் தன் நாட்டைப் போன்ற பிற நாடுகளின் சராசரி நிழலை.

நியாயமாகச் சொன்னால், ஐஎச்எம்இ இதை மறைக்கவில்லை. ஒவ்வொரு எண்ணோடும் 95 விழுக்காடு நிச்சயமின்மை வரம்பு, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய மேல், கீழ் எல்லைகள், தரப்படுகிறது. மதிப்பீடுகளை எப்படி வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதற்காக 2016-இல் உருவான நெறிமுறைகளைப் பின்பற்றித் தரவு மூலங்களும் கணினி நிரல்களும் வெளியிடப்படுகின்றன. ஆயினும் நிச்சயமின்மை வரம்பு ஒரு கட்டத்தின்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் மட்டுமே தெரிகிறது. திரைப்பிடிப்பு எடுத்து அறிக்கையில் ஒட்டும்போது அது காணாமல் போகிறது. மேலும் அந்த வரம்பு மாதிரியின் உள்ளே இருக்கும் ஐயத்தை மட்டுமே அளக்கிறது. மாதிரியே பொருந்துமா என்ற ஐயத்தை அது முழுமையாக உள்ளடக்குவதில்லை. சிவப்பு இறைச்சியின் எண்கள் ஒரு பதிப்பிலிருந்து மறு பதிப்புக்குத் தாவியதைப் பார்த்தால் இது விளங்கும்.

படங்களோடு நிறைவடையாதவர்களுக்கு அதே நிறுவனத்தின் முடிவுகள் பக்கம் இருக்கிறது. இலவசக் கணக்குத் தொடங்கி, நாடு, நோய், வயது, பால், ஆண்டு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் அட்டவணைக் கோப்பாகப் பதிவிறக்கலாம். வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. ஆராய்ச்சி மாணவர்கள் படங்களை விட்டுவிட்டு நேராக இங்கே வருவதே நல்லது. இங்கே மேல் வரம்பும் கீழ் வரம்பும் தனி நெடுவரிசைகளாக வருவதால் அவற்றைப் பார்க்காமல் கடந்துபோக முடியாது. உலக சுகாதார நிறுவனமும் தனக்கெனச் சுகாதார மதிப்பீடுகளை வெளியிடுகிறது. சில நோய்களில் இரண்டின் எண்களும் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டையே எந்த நோயில் நம் அறிவு மெலிந்திருக்கிறது என்பதற்கான குறிப்பாக நான் எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவைப் போல, தன் சொந்தப் பதிவேடுகளைக் கொண்டு தானே நோய்ச்சுமை ஆய்வு நடத்தும் நாடுகளும் உண்டு. அப்படிப்பட்ட ஆய்வு இருக்கும் நாட்டைப் பற்றி எழுதுபவர் அதை முதலில் படித்துவிட்டு, பிற நாடுகளோடு ஒப்பிடுவதற்கு மட்டும் இக்கருவிக்கு வருவது முறை.

பெருந்தொற்றுக் காலம் இக்கருவியின் வலிமையை நன்றாகக் காட்டியது. 2021-ஆம் ஆண்டில் உலக நோய்ச்சுமையில் முதலிடத்தில் நின்றது கோவிட். அதன் பங்கு 21.2 கோடி டாலிகள். இதயத் தமனி நோய் 18.83 கோடியோடு அடுத்து வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பெயரே இல்லாத ஒரு நோயை, முப்பது ஆண்டுகளாக அளந்துவந்த நோய்களின் அருகில் அதே அளவுகோலால் நிறுத்திப் பார்க்க முடிந்தது என்பது சிறிய செயல் அன்று.

ஆசிரியர்களுக்கும், முதல்நிலைத் திட்டமிடுபவர்களுக்கும், தங்கள் நாட்டில் எந்த நோய் பேசப்படாமல் கிடக்கிறது என்று தேடும் செய்தியாளர்களுக்கும் இச்சேவையை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். ஒரு மாவட்டத்துக்கு எத்தனை மருந்துப் பெட்டிகள் அனுப்புவது என்று முடிவெடுப்பவருக்கு இதை மட்டும் நம்பிப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த பதிப்பில் எனக்கு ஒரே ஒரு மாற்றம் வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் நிறமும், அந்த நாட்டிலிருந்தே கிடைத்த தரவு எவ்வளவு உள்ளதோ அந்த அளவுக்கு அழுத்தமாக இருக்கட்டும். முழுக்க மாதிரியிலிருந்து வந்த கட்டங்கள் கோடு மட்டும் போட்டு வெளிறி நிற்கட்டும். அப்போது ஓர் அமைச்சர் தன் நாட்டுப் படத்தைத் திறந்தவுடன், எந்த நோய் பெரியது என்பதற்கும் முன்பாக, எத்தனை இறப்புகளைத் தன் அரசு எண்ணவே இல்லை என்பது அவர் கண்ணில் படும்.